மருந்துச் சீட்டில் சோற்றுக்கு இடமில்லை

கல்யாணப் பந்தியில் இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் உரையாடல் ஒன்று உண்டு. இலையில் ஜாங்கிரி விழுகிறது. பக்கத்து நாற்காலிக்காரர், “உங்களுக்குத்தான் சுகர் ஆச்சே?” என்கிறார். “அதனாலென்ன, ராத்திரி ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கிட்டா சரியாப் போச்சு” என்று பதில் வருகிறது. பின்னாலேயே பாயசமும் வருகிறது. சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருக்கும் தைரியத்தில் அதற்கும் கை நீள்கிறது. நோயை அடக்கக் கண்டுபிடித்த மாத்திரை, நடுத்தர வயதுத் தமிழர் பலருக்கு இஷ்டப்படி சாப்பிடுவதற்கான அனுமதிச் சீட்டாகிவிட்டது.

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மருத்துவமனையிலிருந்து அவர் கொண்டுவந்த சீட்டை வாங்கிப் பார்த்தால் விஷயம் புரியும். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாளைக்கு என எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த முறை எப்போது வர வேண்டும், என்ன பரிசோதனை செய்துகொண்டு வர வேண்டும் என்பதும் இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி? இருந்தால் அடியில் ஒரு வரி: ‘உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி.’ எவ்வளவு சோறு, எந்த வேளைக்கு, எதைக் குறைத்து எதைக் கூட்டுவது, சொன்னபடி செய்கிறாரா என்று யார் பார்ப்பது? ஒன்றும் கிடையாது. அளவும் வேளையும் கண்காணிப்பும் இருந்தால் அது சிகிச்சை. அவை இல்லாவிட்டால் வெறும் புத்திமதி. தமிழ்நாட்டில் உணவு இன்னும் புத்திமதியாகவே இருக்கிறது. அதைச் சிகிச்சையாக மாற்றுவதற்கான ஆதாரத்தைத் தேடி எந்த நாட்டுக்கும் போக வேண்டாம். சென்னையிலேயே ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அது கிடக்கிறது.

முதலில் நோயின் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் 1,13,000 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம். சர்க்கரை நோயில் நாட்டின் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டின் அளவு 14.4 சதவீதம். இவற்றையெல்லாம்விடக் கவனிக்க வேண்டிய எண் ஒன்று அந்த அறிக்கையில் உண்டு. 13.6 கோடிப் பேர் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள். “பார்டர்ல இருக்கு, பயப்படாதீங்க” என்று பரிசோதனைக்கூடத்தில் சொல்லி அனுப்புகிறார்களே, அவர்கள். பயப்பட வேண்டாம் என்பது சரிதான். எதுவும் செய்ய வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

எல்லைக்கோட்டில் நிற்பவர்களை என்ன செய்யலாம் என்று மருத்துவர் ஏ. ராமச்சந்திரனின் குழு சென்னையில் ஒரு சோதனை நடத்தியது. இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்பது அதன் பெயர். முடிவுகள் 2006இல் வெளிவந்தன. எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை. இன்னொரு குழுவுக்கு உணவு மாற்றமும் நடையும். மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது குழுவுக்கு இரண்டும். உணவு மாற்றம் என்றால் ஆகாயத்திலிருந்து வந்த எதுவுமில்லை. மொத்தச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைப்பது, வெள்ளை அரிசி, மைதா போன்றவற்றையும் எண்ணெயையும் மட்டுப்படுத்துவது, சர்க்கரையைத் தவிர்ப்பது, நார்ச்சத்துள்ளவற்றைச் சேர்ப்பது, தினமும் அரை மணி நேரம் நடப்பது. அவ்வளவுதான்.

மூன்று ஆண்டுகளில், ஒன்றும் செய்யாத குழுவில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகளாகிவிட்டார்கள். உணவும் நடையும் கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவீதம். மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். இரண்டையும் செய்தவர்களில் 39.5 சதவீதம். சமையலறை மாத்திரைக்கு ஈடு கொடுத்தது. இரண்டையும் சேர்த்ததில் கூடுதல் பலன் ஏதும் கிடைக்கவில்லை. இதில் இன்னொரு வியப்பும் இருக்கிறது. உணவும் நடையும் கடைப்பிடித்தவர்களின் உடல் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை இறங்காவிட்டால் எல்லாம் வீண் என்று மனம் உடைந்து கைவிடுபவர்கள் இந்த ஒரு தகவலையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே போன்ற சோதனை அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002இல் முடிவு வந்தது. அங்கே வாழ்க்கைமுறை மாற்றம் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தது. மெட்ஃபார்மின் 31 சதவீதம் குறைத்தது.

இந்தச் சோதனைகளில் பலன் தந்தது உணவு மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஆள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். தொலைபேசியில் கூப்பிட்டார், நேரில் வரச் சொன்னார், என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். அந்த விசாரிப்பைக் குறைந்த செலவில் செய்ய முடியுமா என்ற கேள்விக்கும் அதே சென்னைக் குழு பதில் கண்டுபிடித்தது. எல்லைக்கோட்டில் இருந்த 537 ஆண்களில் ஒரு பாதிப் பேருக்கு மட்டும் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். உணவு, நடை பற்றிய சின்னச் சின்ன நினைவூட்டல்கள். இரண்டு ஆண்டு முடிவில், செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. செய்தி வந்தவர்களில் 18 சதவீதம். வெளியான ஆண்டு 2013. தங்க நகைக் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாள்தோறும் செய்தி வந்து குவியும் கைபேசிக்கு, இந்த ஒரு செய்தி மட்டும் பெரும்பாலோருக்கு வந்து சேரவில்லை.

உணவு ஏன் மருந்துச் சீட்டுக்குள் வரவில்லை? மருத்துவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நேரம் இல்லை. பல நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வு இந்தியாவுக்குக் கொடுத்த கணக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் மாத்திரை எழுதலாம். காலை டிபனுக்கு எத்தனை இட்லி, மதியம் எத்தனை கரண்டி சோறு, இரவு கடை மூடிவிட்டு வந்து பத்து மணிக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்க முடியாது. கேட்டாலும் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. நோயாளிக்கும் அதில் திருப்தி இல்லை. மாத்திரை எழுதாமல் சாப்பாட்டை மாற்றச் சொல்லி அனுப்பும் மருத்துவரை, “ஒண்ணும் எழுதித் தரல, சும்மா அனுப்பிட்டாரு” என்று ஊர் பேசும்.

அந்த வெற்றிடத்தில்தான் வாட்ஸ்அப் வைத்தியம் புகுந்தது. ‘உணவே மருந்து’ என்று பலகை வைத்த கடையிலேயே, சர்க்கரை நோயாளிகள் தாராளமாகக் குடிக்கலாம் என்று கருப்பட்டிக் காபி விற்கிறார்கள். கருப்பட்டியும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பகுதி சர்க்கரைதான். நிறமும் மணமும் வேறு. வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு நான்கு பூரி சாப்பிடுகிறவர் உணவை மருந்தாக்கவில்லை. இன்னொரு மாத்திரையைத்தான் கண்டுபிடித்திருக்கிறார், கசப்பு மட்டும் கூடுதல்.

சப்பாத்திக் கதையும் இப்படித்தான். சுகர் வந்ததும் தமிழ் வீட்டில் நடக்கும் முதல் சடங்கு, இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வருவது. ஆறிய சோறு ஒரு கிண்ணம், அதாவது 150 கிராம், சாப்பிட்டால் சுமார் 40 கிராம் மாவுச்சத்து உடலுக்குள் போகிறது. நான்கு நடுத்தரச் சப்பாத்தியில் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இருக்கிறது. கூட உருளைக்கிழங்குக் குருமா வேறு. அரிசியை விட்டுவிட்ட நிம்மதியில் இரண்டு கிண்ணம் சோற்றுக்குச் சமமானதைச் சாப்பிட்டுவிட்டு, காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று குழம்புகிறவர்கள் எத்தனையோ பேர். கேழ்வரகுக்கும் ஓட்ஸுக்கும் இதே கணக்குதான். கேழ்வரகைக் களியாகவோ அடையாகவோ அளவோடு சாப்பிடுவது ஒன்று. நைசாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சியாகச் சொம்பு நிறையக் குடிப்பது வேறு. அரைக்க அரைக்க, கரைக்கக் கரைக்க, மாவுச்சத்து ரத்தத்தில் சீக்கிரம் ஏறும்.

இதைத் தேசிய அளவிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். மேலே சொன்ன அதே ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. இந்தியர்கள் உண்ணும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது; புரதத்திலிருந்து 12 சதவீதம்தான். அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமையையோ சிறுதானியத்தையோ அதே அளவுக்கு வைத்துக்கொள்வதால் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்திலிருந்து ஐந்து சதவீத ஆற்றலைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால்பொருள் புரதத்தை வைத்தால் ஆபத்து குறைகிறது. தானியம் எது என்று சண்டை போடுவதைவிட, தட்டில் தானியம் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம் என்றாகிறது.

அதற்காக அரிசி எல்லாம் ஒன்று என்றும் ஆகிவிடாது. சாப்பிட்டதும் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதற்குக் குளுக்கோஸை 100 என வைத்து ஒரு குறியீடு போடுகிறார்கள். 70ஐத் தொட்டால் அது உயர்ந்த வகை. சென்னையில் அளந்தபோது பொன்னி 70, சோனா மசூரி 72 எனக் காட்டின. தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்துச் சோதித்தபோது, வெள்ளை அரிசி சாப்பிட்ட நாட்களைவிட நாள் முழுவதுமான சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்தது; கூடவே பயறும் சேர்த்தபோது இன்னும் கொஞ்சம் இறங்கியது. சின்னச் சோதனைதான். ஆனால் தட்டில் இருந்ததைப் பாருங்கள்: சோறு, சாம்பார், காய். வேறு ஊர்ச் சாப்பாடு எதையும் யாரும் திணிக்கவில்லை.

சாப்பிடும் வரிசைக்குக்கூடப் பலன் உண்டு. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015இல் 11 சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டபோது, ஒரு மணி நேரத்தில் இருந்த சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. வாழை இலையில் சோறு விழுவதற்கு முன்பே பொரியலும் கூட்டும் பச்சடியும் வந்துவிடுகின்றன. சோறு வரும்வரை அவற்றைத் தொடாமல் காத்திருப்பதுதான் பழக்கமாகிவிட்டது. காத்திருக்காமல் காயை முதலில் காலி செய்துவிட்டு இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொள்வதற்கு எந்த மருத்துவரின் சீட்டும் வேண்டாம்.

நோய் வந்துவிட்டவர்களின் கதை என்ன? ஒரு முறை மாத்திரை தொடங்கினால் ஆயுள் முழுக்க என்ற நம்பிக்கையை 2017 டிசம்பரில் வெளியான ஒரு பிரிட்டிஷ் சோதனை ஆட்டிப் பார்த்தது. நியூகாசிலின் ராய் டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் நடத்தியது அது. நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாத 298 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி தரும் பானங்களை மட்டும் கொடுத்தார்கள். பிறகு படிப்படியாகச் சாதாரண உணவு. ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 4 சதவீதம். 15 கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்தால், சோர்ந்துபோன இன்சுலின் சுரப்பு மறுபடி தலைதூக்குகிறது என்பது டெய்லரின் விளக்கம்.

உடனே இதை எடுத்துக்கொண்டு துள்ளக் கூடாது. இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆனது. ஐந்தாம் ஆண்டில் மேலும் வெகுவாகச் சுருங்கியது. எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். ஒல்லியான கை கால்களோடு தொந்தி மட்டும் வைத்திருக்கும் நம்மூர் உடம்புக்கு அதே கணக்கை அப்படியே பொருத்த முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சோதனையில் மாத்திரையை நிறுத்தியவர் நோயாளி அல்ல, மருத்துவக் குழு. நிறுத்திய பிறகும் விடாமல் அளந்துகொண்டே இருந்தார்கள்.

இந்த வித்தியாசத்தை அழுத்திச் சொல்ல வேண்டிய நிலையில் தமிழ்நாடு இருக்கிறது. ‘இன்சுலினைத் தூக்கி எறியுங்கள்’ என்று யூடியூபில் பேசுகிறவர்கள் லட்சக்கணக்கில் பார்வையாளர்களை வைத்திருக்கிறார்கள். உணவு மட்டுமே சிகிச்சையாக இருந்த காலம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. இன்சுலின் வருவதற்கு முன்பு நியூயார்க்கின் ஃபிரெடெரிக் ஆலன், சர்க்கரை நோய்க் குழந்தைகளைப் பட்டினி போட்டுத்தான் சில மாதமோ சில ஆண்டோ கூடுதலாக உயிரோடு வைத்திருந்தார். அதற்குமேல் அன்றைய மருத்துவத்திடம் ஒன்றுமில்லை. 1922 ஜனவரியில் டொரொண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அப்போது அவன் எடை 30 கிலோவுக்கும் குறைவு. அதன்பின் பதின்மூன்று ஆண்டு வாழ்ந்தான். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளையின் இன்சுலினை நிறுத்தச் சொல்வது அந்தப் பிள்ளையைக் கொல்வதற்குச் சமம். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

இரண்டாம் வகை நோயிலும் எச்சரிக்கை வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. அதைப் போட்டுக்கொண்டிருப்பவர் யாரோ சொன்னார்கள் என்று ஒரே நாளில் சோற்றை விட்டால், சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். பேருந்து நிலையத்தில் மயங்கிக் கிடப்பவரைக் குடித்திருக்கிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்களே, சில நேரம் அது இதுதான். உணவு எவ்வளவு வலுவான மருந்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும்போது அளவை ஒருவர் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்வதும், சாப்பாடு மாறிய பிறகு மாத்திரையின் அளவை மறுபடி பார்க்க மருத்துவர் தயாராக இருப்பதும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும்.

ரத்த அழுத்தத்தில் விஷயம் இன்னும் எளிது. நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று தொட்டுக்கொள்வதிலேயே கணிசமான பங்கு தீர்ந்துவிடும். குழம்பு இன்னும் வரவில்லை. 1997இல் அமெரிக்காவில் வெளியான டேஷ் ஆய்வில், உப்பில் கை வைக்காமலே காய், பழம், கொழுப்பு குறைந்த பால்பொருட்களைக் கூட்டியதில் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 புள்ளி இறங்கியது. ஒரு மாத்திரை செய்யும் வேலை அது. எட்டே வாரம்தான் ஆனது. சீனக் கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேருக்குச் சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பைக் கொடுத்தபோது பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்த உப்பைத் தொடக் கூடாது.

இப்போது ஊசிகளின் காலம். வாரம் ஒரு முறை போட்டால் பசி அடங்கி எடை இறங்கும் மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தது. இதே போன்ற இன்னொரு ஊசியான செமாகுளூடைடு மருந்தின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். இவை நல்ல மருந்துகள். மிகை எடையால் உயிருக்குப் போராடுகிறவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் செமாகுளூடைடை நிறுத்திய ஓராண்டில், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று அதன் தொடர் ஆய்வே சொல்கிறது. ஊசி பசியை அடக்கும். அடங்கிய பசியோடு உட்காருகிறவரின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஊசி முடிவு செய்யாது. தட்டில் பருப்பும் முட்டையும் காயும் இல்லாவிட்டால், இறங்கும் எடையோடு தசையும் சேர்ந்து கரையும்.

தட்டில் என்ன இருக்கும் என்பதை வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது. அப்பாவுக்குச் சுகர் என்றால் அம்மா இரவு ஒன்பது மணிக்கு அவருக்கென்று தனியாக அடுப்பு பற்றவைக்கிறார். அம்மாவுக்குச் சுகர் என்றால், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மீந்திருக்கும் சோற்றையும் குழம்பின் அடியையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொள்கிறார். காய் அதற்குள் தீர்ந்திருக்கும். பழைய இட்லியை வீணாக்க மனம் வராமல் பதினொரு மணிக்கு இன்னொரு முறை சாப்பிடுவதும் அவர்தான். பெண்ணுக்கான உணவுச் சிகிச்சை என்று எழுதினால், ‘முதல் பந்தியில் உட்காருங்கள்’ என்பதை முதல் வரியாக எழுத வேண்டியிருக்கும்.

அடுத்தது அரசின் பங்கு. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். இந்த மாநிலத்தில் பட்டினிச் சாவு என்ற சொல்லே வழக்கொழிந்ததில் அந்த அரிசிக்குப் பெரும் பங்கு உண்டு; அதைக் கேலி செய்பவர்களுக்குப் பசி தெரியாது. ஆனால் இலவச அரிசியோடு அதே கடையில் கிடைக்கும் துவரம் பருப்பு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம். காய்கறி சந்தை விலைக்கு. கூலி வேலைக்குப் போகிற குடும்பம் தட்டை எதைக்கொண்டு நிரப்பும் என்பது இந்தக் கணக்கிலேயே தீர்மானமாகிவிடுகிறது. 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். சத்து நோக்கில் நல்ல முயற்சி. ஆனாலும் ஒரு தானியத்தின் இடத்தில் இன்னொரு தானியம் வந்ததே தவிர, பருப்பின் அளவு அப்படியே நிற்கிறது. கடலையோ பாசிப்பயறோ கூட இரண்டு கிலோ அந்தப் பையில் விழுந்தால், மாத்திரைச் செலவில் எவ்வளவு மிச்சமாகும் என்று நிதித்துறை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தவறான உணவுமுறையோடு தொடர்புடையது நாட்டின் நோய்ச் சுமையில் 56.4 சதவீதம் என்று ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் கணக்கிட்டிருப்பதை அந்தத் துறைக்கு நினைவூட்டலாம்.

இதைச் செய்து முடிக்கும் ஆள்பலமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2024இல் ஐ.நா. விருதும் வாங்கிய திட்டம். நாட்டில் வேறு பல மாநிலங்கள் கனவு காணும் ஏற்பாடு இது. அந்தத் தன்னார்வலர் அதே ஊர்க்காரர். எந்த வீட்டில் யார் சமைக்கிறார், எந்த வீட்டில் ரேஷன் அரிசி மட்டுமே அடுப்பேறுகிறது என்பது அவருக்குத் தெரியும். வாசலில் நின்று ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிற நேரத்தில், “அக்கா, நேத்து மதியம் எத்தனை கரண்டி சோறு? காய் இருந்துச்சா?” என்று கேட்க அவருக்கு வாய் வராதா என்ன? கேட்டதைக் குறிக்கப் பதிவேட்டில் ஒரு கட்டம் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயிற்சியும் அதற்கேற்ற ஊதியமும் வேண்டும். வட்டாரத்துக்கு ஓர் உணவியல் நிபுணர் வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பக் கைபேசி எண்கள் ஏற்கெனவே அரசின் கையில் இருக்கின்றன.

கூடவே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு ஒரு வேலை கூடும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இறங்கியிருந்தால் மாத்திரையைக் குறைக்க வேண்டும். சென்னையிலேயே 578 பேரிடம் நடந்து 2016இல் வெளியான இன்னொரு தடுப்புச் சோதனையில், உணவும் உடற்பயிற்சியும் கடைப்பிடித்தவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒரு கட்டத்தில் மெட்ஃபார்மினும் சேர்க்க வேண்டி வந்தது. அதனால் எல்லோருக்கும் குறையும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. குறைக்கக்கூடியவர்கள் யார் என்று தேடிப் பார்க்கும் வழக்கமே இல்லை என்பதுதான் குறை. பத்தாண்டுக்கு முன் எழுதிய மாத்திரை, அப்போதைய எடைக்கும் அப்போதைய சாப்பாட்டுக்கும் எழுதியது, அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பயனாளிகள் 2024 இறுதியில் 2 கோடியைத் தொட்டார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்ற எண் அரசிடம் துல்லியமாக இருக்கிறது. அடுத்த ஆண்டு மானியக் கோரிக்கையின்போது மக்கள் நல்வாழ்வுத் துறை அதன் பக்கத்திலேயே இன்னோர் எண்ணையும் சட்டப்பேரவையில் வைக்க வேண்டும்: சாப்பாடு மாறியதால் மருத்துவர் பார்த்து மாத்திரையைக் குறைத்தது எத்தனை பேருக்கு, எந்தெந்த மாவட்டத்தில்.